மூன்று இரவுக் கணக்கு

தெற்கு ஆவணி மூல வீதி, இரண்டாம் மாடி.
நெய்னா மரைக்காயர் கடையில் என் வேலை
போகிற கல்லையும் வருகிற கல்லையும் எழுதுவது.
மாணிக்கம் போனால் போனதுதான்.
புஷ்பராகமும் அப்படித்தான்.
நீலம் மட்டும்
மூன்று இரவுக்கு நம்பிக்கையில் போகும்.
தலையணைக்கு அடியில் படுத்துப் பார்க்கும்.
ஒத்துக்கொண்டால் பணம் வரும்,
இல்லையென்றால் கல் வரும்.

கீழக்கரையிலிருந்து தோணியேறி
இடுப்பு வாரில் கல் முடிந்து கொண்டுவந்த குடும்பம் முதலாளியுடையது.
சனியும் கிடையாது ஒன்றும் கிடையாது, கல் கல்தான் என்பார்.
ஆனாலும் மூன்று இரவு தருவார்.
வியாபாரம்.

நாற்பத்தேழாம் எண் பொட்டலம்.
ஒரு கேரட், இருபது சென்ட், துவரம்பருப்பு அளவு.
ரத்தினபுரிச் சேற்றில் சலித்தெடுத்தது.
லென்ஸில் பார்த்தால் ஓரத்தில்
பட்டு நூல் பிரிந்து கிடப்பதுபோல் ஒரு மங்கல்.
சூளையில் சுட்டால் நூல் கரையும்,
நிறம் ஏறும்,
மதிப்பு இறங்கும்.
இதை யாரும் சுடவில்லை.

பதினொரு முறை போனது, பதினொரு முறை வந்தது.
நோட்டில் காரணத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு.
சோழவந்தான் வெற்றிலைக் கமிஷன்காரர்:
கனவில் காக்கா.
திருமங்கலத்து டிராக்டர் ஓனர்:
இன்ஜின் சீஸ்.
வில்லாபுரம் ஜெராக்ஸ் கடைக்காரர்:
ஆறு வருஷமாகப் பேசாத மச்சான்
பேச ஆரம்பித்துவிட்டான்.
கீழவளவு குவாரிக்காரர்,
மலையை வயர் போட்டு அறுக்கிறவர்,
காகிதத்தோடு நீட்டினார், விரலில் படாமல்.
"தூக்கமே இல்ல தம்பி."

வந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவுவேன்,
தராசில் வைப்பேன்.
ஒன்று புள்ளி இருபது.
தின்றதாக அவர்கள் சொன்ன எதுவும்
அதன் எடையில் ஏறியதே இல்லை.

பரிசோதனை அறை பிலோமினா ஒருநாள் சொன்னாள்:
இதுவும் மாணிக்கமும் ஒரே சரக்கு.
அலுமினியமும் ஆக்ஸிஜனும்.
சுத்தமாக இருந்தால் நிறமே கிடையாது.
குரோமியம் துளி புகுந்தால் சிவப்பு,
இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து புகுந்தால் நீலம்.
சிவப்பைச் சூரியனுக்குக் கொடுத்தோம்,
நீலத்தை அவன் பிள்ளை சனிக்கு.
அப்பனுக்கும் மகனுக்கும் ஆகாது என்கிறோம்.
கல்லுக்குள் அந்தச் சண்டை இல்லை.

சொக்கனே ரத்தின வியாபாரியாக வந்த ஊர் இது.
அவரிடம் யாரும்
"மூணு நாள் வச்சுப் பாத்துட்டுத் தாரோம்" என்று
கேட்டதாகக் கதையில் இல்லை.

பன்னிரண்டாவதாக வந்தவள் ஒச்சம்மாள்.
பெரியாஸ்பத்திரிப் பிணவறையில் வேலை.
சீட்டு எடுத்த பணம் மஞ்சள் பையில்.
எந்த ஜோசியர் சொன்னார் என்று கேட்டேன்.
"எவனும் சொல்லல. கலரு புடிச்சிருக்கு.
நான் தெனமும் பாக்குற நீலம் வேற.
நகத்துல, உதட்டுல.
அது வெளிச்சத்த வாங்காது.
இது வாங்குது, பாருங்க."
ஜன்னலோரம் திருப்பிக் காட்டினாள்.
பதினொரு முறை கழுவிய எனக்கு
அந்த ஜன்னல் தோன்றியதில்லை.

வழக்கப்படி மூன்று இரவு என்றேன்.
"எனக்கு ராத்திரி டூட்டி.
பகல் தூக்கம் கணக்குல வருமா?"
முதலாளி என்னைப் பார்த்தார்.
நான் நோட்டைப் பார்த்தேன்.
மஞ்சள் பையைக் கல்லாவில் வைத்துவிட்டுக்
கல்லோடு போனாள்.

நான்காம் நாள் வரவில்லை. ஒன்பதாம் நாளும்.
போன் போட்டேன்.
இந்த மூன்று இரவில் ஏதாவது நடந்ததா அம்மா?
ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது.
"பதினாலு பேர் வந்தாங்க.
எப்பவும் வர்றதுதான்.
அதுக்குக் கல்லு என்னய்யா பண்ணும்?"
பிறகு கொஞ்சம் தயங்கி,
"மோதிரத்துக்கு வெள்ளியா, பஞ்சலோகமா?
க்ளவுஸ் மாட்டணும். கூர் இல்லாமப் பண்ணச் சொல்லுங்க."

நாற்பத்தேழு எங்கே என்றார் முதலாளி அந்தியில்.
போய்விட்டது என்றேன்.
"போயே போச்சா?"
கல் கல்தான் என்கிறவர்
மேஜை விளிம்பைத் தொட்டுக்கொண்டார்.

கட்டம் காலியாக இருக்கிறது.
திரும்பாததற்குக் காரணம் எழுத
நோட்டில் இடம் விடவில்லை.