நெஞ்சு தடவும் பட்டை

அறைக்கு ஒரே விளக்கு. அதுவும் நீலம்.
கோழிக்கு நீலம் தெரியாதாம்,
இரவென்று நினைத்து அடங்கிவிடுமாம்.
எனக்குத் தெரிகிறது.
பத்து மணி முதல் காலை ஆறரை வரை
நீலம் பாரித்த நகங்களோடு நிற்கிறேன்.

ஸ்பிரிங்டேல், அர்க்கன்சாஸ்.
லாரி பின்னால் வந்து முட்டி நிற்கும். கூண்டு சரியும்.
பெல்ட்டில் வருபவை
பிறந்து நாற்பத்திரண்டு நாள் ஆனவை;
குரல் இன்னும் குஞ்சுக்குரல்,
நெஞ்சு மட்டும் பயில்வானுடையது.
அதைச் சுமந்து நிற்க ஒருநாளும் பழகாத கால்கள்.
அந்தக் காலைத்தான் பிடிக்க வேண்டும்.
பிடி, திருப்பு, கொக்கியில் மாட்டு.
நிமிடத்துக்கு இருபத்து நான்கு.
நான் எண்ணுவதை விட்டு வெகுநாளாயிற்று;
கை எண்ணுகிறது, தூக்கத்திலும்.
ஒருமுறை கணவனின் கணுக்காலைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

தலைகீழான அடுத்த நொடி
எல்லாம் சிறகடிக்கும்.
அதற்காகத்தான் அந்தப் பட்டை:
கொக்கிகள் நகரும் வழி நெடுக
வழுவழுவென்று ஒரு பிளாஸ்டிக்.
நெஞ்சு அதில் உரச உரச
யாரோ தடவிக்கொடுப்பதாக நம்பி
அமைதியாகிவிடும் கோழி.
இதைக் கண்டுபிடித்தவனை நினைத்துக்கொள்வேன்.
கெட்டவனாக இருக்க முடியாது.
வீட்டில் ஒரு பூனையாவது வளர்த்திருப்பான்.

செவ்வாய் இரவு சான்றிதழ்க்காரர் வந்தார்,
பொரித்த கோழிக் கடைகளின் சார்பில்,
வெள்ளை அங்கி, தாடிக்கும் ஒரு வலை.
பெயர் வெண்டல். மரியாதைப்பட்டவர்.
ஐந்நூறு கோழிகளின் இறக்கைகளைப் பார்த்தார்.
முறிந்தவை மூன்று.
"நல்ல கணக்கு, நெய்ஜோன். மென்மையான கை உங்களுக்கு."
மென்மையான கை அப்போது
தண்ணீர் பாட்டிலைத் தொடையிடுக்கில் வைத்து
மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.
கைக்கென்று ஒரு கட்டம் அவர் படிவத்தில் இல்லை.
ஆனால் மூடியைத் திறந்து கொடுத்தவர் அவர்தான்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

விடிந்து வண்டியை எடுத்தால்
பண்ணைகளின் எரு இறங்கி இறங்கி
கீரை மசியலாய்க் கிடக்கிறது ஓடை.
குளிக்கத் தடை, நாய்க்கும் தடை என்று பலகை.
நடுக்கடல் தீவில் பிறந்தவள் நான்;
என் மகன் ஜெல்டனுக்கு வயது ஒன்பது,
நீந்தத் தெரியாது.

மஜூரோவிலிருந்து தங்கை குரல் அனுப்பியிருந்தாள்.
பௌர்ணமியன்று கடல் ஏறி வந்ததாம்.
கோபமாக இல்லை அக்கா, என்கிறாள்,
அம்மாவின் கல்லறையைத்
தடவிக்கொடுத்துவிட்டுப் போவதுபோல.
சிலுவைகள் இரண்டைக் காணோம்.
அதை மூன்று முறை கேட்டேன்.
மூன்றாம் முறை
தடவி என்ற இடத்தில் நிறுத்தினேன்.

சனிக்கிழமை அவன் பிறந்தநாள்.
வேறெதுவும் வேண்டாமாம், அந்தப் பெட்டிதான் வேண்டுமாம்:
மூடியில் தொப்பி போட்ட சேவல்,
தன்னையே தட்டில் ஏந்தி
பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும்.
சேவலுக்குப் பல்.
ஜன்னலில் பெட்டியை நீட்டிய பையனின் மணிக்கட்டில்
எண்ணெய் தெறித்த புள்ளிகள், பழையதும் புதியதுமாய்.
இனிய நாள், என்றான். உனக்கும், என்றேன்.
இருவருக்குமே நம்பிக்கை இல்லை.

கால் துண்டு ஒன்றை எனக்கு நீட்டினான் ஜெல்டன்.
மாவை உரித்தேன்.
எலும்போரம் கருநீலமாய் ஒரு கன்றல்.
வெந்து கறுத்தது வேறு, இது வேறு;
உயிரோடு இருக்கும்போது யாரோ அழுத்திப் பிடித்தது.
என் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை. இன்னும் அகலமான விரல்.
பண்ணையில் பிடித்தவனாக இருக்கலாம்.
அவனுக்கும் நிமிடக் கணக்கு ஒன்று இருக்கும்.
தின்றேன்.
காசு கொடுத்தது. பிள்ளை வேறு பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் பின்னால் பேச்சே இல்லை.
கண்ணாடியில் பார்த்தேன்:
நெஞ்சின் குறுக்கே இருக்கைப் பட்டை,
வண்டி குலுங்கக் குலுங்க லேசாய் உரச,
உறங்கிவிட்டிருந்தான்.

வாசலில் பட்டையை விடுவிக்கப் போனேன்.
சிவப்புப் பொத்தானை அழுத்த
விரல் மடங்கவில்லை.
எஞ்சினை அணைத்துவிட்டு, அவன் பக்கத்தில்,
தானாக விழிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.