மூன்றாவது இழுப்பறை

முதல் இழுப்பறையில் பஞ்சு, ஊசி, காய்ச்சல்மானி.
இரண்டாவதில் காலணியில் மாட்டும் இரும்புப் பற்கள்,
முப்பத்தாறாம் அளவிலிருந்து நாற்பத்தேழு வரை.
மூன்றாவதன் சாவி என் கழுத்தில்.

ஃபின்லாந்து முடியும் இடம் இது.
டிசம்பர் பிறந்தால் சூரியன் எழுவதில்லை.
நண்பகலில் தெற்கே கொஞ்சம் நீலம் கசியும்,
அதுவும் போய்விடும்.
நூற்றுப் பதினெட்டுப் பேர், நாலாயிரம் துருவமான்கள்.
ஆஸ்பத்திரிக்கு நூற்று அறுபது கிலோமீட்டர்.
இடையில் ஒரு அறை, ஒரு பழைய டொயோட்டா, செவிலி நான்.

திங்கள்தோறும் ஏரிக்குப் போய்த் துளையிடுகிறேன்.
பனிக்கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று
கடைக்கதவில் எழுதி ஒட்டுகிறேன்.
இது உன் வேலையா என்றார்
தெற்கிலிருந்து வந்த மேலதிகாரி.
போன வசந்தத்தில் ஸ்னோமொபைலோடு உள்ளே போன இருவரில்
ஒருவருக்கு நான்தான் கண்களை மூடிவிட்டேன்.
என் வேலைதான்.

தவிரவும்,
பனிக்கட்டியைப் பற்றி என்றால்தான் இங்கே ஆண்கள் பேசுவார்கள்.
"பத்து என்று போட்டிருக்கிறாய் ரைய்யா,
ஓடைவாயில் நாலுதான்" என்று
திருத்த வருவார்கள். திருத்தட்டும்.
காப்பி ஊற்றுவேன்.
இரண்டாம் கோப்பையில், தூக்கம் எப்படி என்பேன்.
மனம் என்ற சொல்லை எடுக்கமாட்டேன்.
எடுத்தால் தொப்பியைத் தேடுவார்கள்.

நீலாஸ் திருத்த வரவில்லை.
மூன்று திங்கள் பார்த்தேன்.
கடையில் அவன் தங்கை ஐலே சொன்னாள்:
பனிமேல் மழை பெய்து உறைந்ததில்
பாசியெல்லாம் கண்ணாடிக்கு அடியில் மாட்டிக்கொண்டது,
நாற்பது மான் பட்டினியில் போயின.
அண்ணன் நாய்களை என்னிடம் கொடுத்துவிட்டான்.

நாய்களையா?

நாய்களைத்தான்.

அன்றே போனேன்.
கையில், புகையைக் கண்டு கத்தும் கருவிக்கு ஒரு பேட்டரி.
ஒரு வீட்டுக்குள் நுழைய ஏதாவது வேண்டுமே.
நாற்காலியில் ஏறி மாற்றினேன். கீச்சென்றது.
இறங்காமலே கேட்டேன்:
சாகலாம் என்று நினைக்கிறாயா, நீலாஸ்?

முப்பது வருடமாகிறது
இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்று.
இன்னும் நாக்கு தடிக்கிறது.

அவன் அடுப்பைப் பார்த்தான்.
நான் துப்பாக்கி அலமாரியைப் பார்த்தேன்.
விறகு ஒன்று சரிந்தது.
"ராத்திரிகளில்" என்றான்.

துப்பாக்கி உன்னுடையதே, போல்ட்டை மட்டும் கழற்றித் தா என்றேன்.
அது இல்லாமல் துப்பாக்கி வெறும் குழாய்.
மான்களை ஏதாவது தின்ன வந்தால்? என்றான்.
ஐலேயைக் கூப்பிடு.
அவள் சுடுவாளா?
உன்னைவிட நன்றாகச் சுடுவாள் என்றேன்.
சிரிப்பு இல்லை, ஆனால் முகத்தில் எங்கோ ஒரு தசை.

அவன் முன்னாலேயே டாக்டருக்கு போன் போட்டேன்.
வியாழக்கிழமை நானே காரோட்டுவதாகச் சொன்னேன்.
இரவு ஐலே வந்தாள், மூன்று நாய்களோடு.
திரும்பும் வழியெல்லாம் என் கையுறைக்குள்
அந்த இரும்பு, எண்ணெய்ப் பிசுக்கோடு.

மூன்றாவது இழுப்பறையில்
இன்னும் இரண்டு போல்ட்டுகள், ஒரு ஸ்னோமொபைல் சாவி,
ரப்பர் வளையம் போட்ட தூக்க மாத்திரை அட்டைகள்.
சீட்டில் தேதி மட்டும், பெயர் கிடையாது.
இது ஊரில் யாருக்கும் தெரியாது.
எல்லோருக்கும் தெரியும்.

இங்கே வந்து சேராததும் ஒன்று உண்டு.
பாவ்லியிடம் கேட்டுவிட வேண்டும் என்று
ஒரு புதன்கிழமை நினைத்தேன்.
வெள்ளி வரட்டும் என்றேன்.
அந்த வெள்ளியைத்தான் ஒவ்வொரு நாற்காலியிலும் ஏறி நின்று
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வியாழன் போனது. இன்னும் ஏழு வியாழன்கள்.
இரண்டில் வழி நெடுக அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.
ஒன்றில் பனிப்புயல், பாதியில் திரும்பினோம்.

பிப்ரவரியில் ஒரு திங்கள்,
கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான்.
"நாற்பது என்று எழுதியிருக்கிறாய்,
ஓடைவாயில் ஒன்பதுகூட இல்லை."
பென்சிலை வாங்கி அவனே அடித்து எழுதினான்.
காப்பி குடித்தான்.
இரும்புப் பற்கள் ஒரு ஜோடி கேட்டான்,
அளவு நாற்பத்துநான்கு.

இரண்டாவது இழுப்பறையைத் திறந்தேன்.
மூன்றாவதை
அவனும் பார்க்கவில்லை, நானும்.