வெந்நீர்க் கணக்கு

நீர்ப்பனி போய் உறைபனி இறங்கிய வாரம்
ஆறு லிட்டரிலிருந்து நாலுக்கு வந்தாள் கெம்பி.
கடநாட்டில் ஆளுக்கொரு காரணம்.
கண்ணேறு என்றார்கள்,
கேரட் தழையில் அடித்த மருந்து என்றார்கள்.
சொசைட்டியில் போஜன்
ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்;
அதுதான் அதிகம் உறைத்தது.

புண்ணாக்கைக் கூட்டினேன்.
சாணி கூடியது.
கிண்ணத்தில் கறுப்புத் துணி கட்டி
முதல் பீச்சைப் பிடித்துப் பார்த்தேன்,
திரியில்லை, கட்டியில்லை.
மடி பஞ்சுபோல் இருந்தது.

ஒரு விடியலில் கரண்ட் இல்லை.
டார்ச்சைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன்.
தண்ணீர்மேல் கண்ணாடியாய் ஓர் ஏடு.
கெம்பி மூக்கால் தட்டினாள்,
நாக்கை நீட்டிச் சுருக்கென இழுத்துக்கொண்டாள்,
என்னைப் பார்த்தாள்.

எத்தனை நாளாய் இப்படிப் பார்த்தாயடி?

குளிக்கக் காய்ந்த அண்டாவில் பாதி
அவளுக்குப் போனது.
கை பொறுக்கும் சூடு, ஒரு பிடி உப்பு.
முதல் வாளியை அவள் உறிஞ்சிய சத்தத்தில்
ஆலம்மா வீட்டு நாய் எழுந்து குரைத்தது.
இரண்டாவது வாளி.
மூன்றாவதில் பாதி.

விறகுக்கு நாளுக்கு நாற்பது ரூபாய்.
எட்டாம் நாள் ஐந்தரை லிட்டர்.
கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது
பதினைந்துகூட இல்லை.
போஜன் இன்றும் பேசவில்லை.
பேனா மட்டும் ஐந்தில் கொஞ்சம் நின்று
அரையைச் சேர்த்தது.

பாதி அண்டாவில் குளித்துவிட்டு
ஊட்டி பஸ்ஸுக்கு ஓடும் மகன்
தொழுவத்தைப் பார்த்துக் கத்துகிறான்:
"மகாராணிக்கு இனி சோப்பும் வேணுமா?"

மகாராணி அசைபோடுகிறாள்.
மூச்சு வெள்ளையாய்ப் புகைகிறது.