கட்டிவைத்த வரி

துடைக்க ஒரு ஈரத்துணி தந்தார்
ஆவண அறைப் பொறுப்பாளர் பரராசசிங்கம்.
"எண்பத்தொன்பதில் கடைசி மூண்டு மாதமும் கறையான்.
மிச்சத்தைப் பாருங்கோ."

வரோனெஷ் நகரில்
எங்கள் விடுதித் திறப்புகளைக் காத்தவள் ஸினாயிதா.
சனிக்கிழமை உள்ளூர்ப் பேப்பர் வந்தால்
செய்தி படிக்கமாட்டாள்.
நாலாம் பக்கம். கத்தரிக்கோல்.
அதில் ஐம்பது வருடம் பிந்தி
வந்துகொண்டிருந்தது ஒரு பட்டியல்:
பெயர், தகப்பன் பெயர், தொழில்,
கைதான திகதி, சுடப்பட்ட திகதி.
இரண்டுக்கும் நடுவே
சில பேருக்கு ஒன்பது நாள்.

அவளின் ஆறாவது வயதில் சொன்னார்களாம்:
பத்து ஆண்டு, கடிதத் தொடர்புக்கு உரிமையில்லை.
பத்தும் முடிகிற வருடம்
தாய் ஒரு சோடி கம்பளிக் காலுறை பின்னிவைத்தாள்.
வந்தது ஒரு அத்தாட்சித் தாள்:
நிமோனியா, நாற்பத்து மூன்று.
பிறகு, மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில்
தானியக் களஞ்சியத்துக் கணக்கர்
வந்து சேர்ந்தார், இரண்டு வரியில்.
சுட்டது முப்பத்தெட்டு சனவரி.
அவள் அழவில்லை.
அந்தக் காலுறை எங்கே போனது என்று
என்னைக் கேட்டாள்.

அந்தக் குளிரில்தான்
நல்லைநாதனின் கடிதங்களும் நின்றன.

அவன் அச்சுக்கோப்பவன்.
கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தான்:
"ஒரு வரியை மட்டும் கலைக்கிறேல்லை மச்சான்.
நூலாலை கட்டி மூலையிலை வைச்சிருக்கிறன்.
ஒவ்வொரு இரவும் அது வேணும்தானே.
ஆளையும் ஊரையும் மாத்தினால் காணும்.
'இனந்தெரியாத நபர்களால்'.
நபரின்ரை 'ந' மூக்குடைஞ்சு போச்சு.
மாத்த மனமில்லை."

துடைத்தேன். புரட்டினேன்.
இளவாலை. கோண்டாவில். குருநகர்.
டியூட்டரி வாத்தியார்,
சங்கக்கடை முகாமையாளர்,
பதினெட்டு வயதில் ஒரு சைக்கிள் திருத்துநர்.
எல்லாருக்கும் கீழே அதே மூக்குடைந்த 'ந',
ஒரே சாட்சி
திரும்பத் திரும்ப வந்து
கையெழுத்து வைத்ததுபோல.

பெப்ரவரி பதினேழு. ஆறாம் பக்கம்.
நல்லெண்ணெய் விளம்பரத்துக்கு அடியில்:
க. நல்லைநாதன், வயது இருபத்தேழு,
வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார்,
இனந்தெரியாத நபர்களால்.

நல்லைநாதனின் 'ந' முழுசு.
நபர்களின் 'ந' மூக்கில்லை.

அவன் போட்ட முடிச்சை
அன்றிரவு அவிழ்த்தது யார் கை?

இனம் தெரியாதாம்.
முகம் தெரியும். வானின் நிறம் தெரியும்.
அவர்களில் ஒருவனுக்கு
எந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிழைத்தது
என்பதுவரை ஊருக்குத் தெரியும்.

ஸினாயிதாவின் துணுக்கில்
கடைசியாக ஒரு சொல் இருந்தது.
தகப்பன் குற்றமற்றவர் என்று
அரசாங்கமே ஒத்துக்கொள்ளும் சொல்.
அகராதி அதைப் புனர்வாழ்வு என்கிறது.
இங்கே அந்தச் சொல்
முட்கம்பிக்கு உள்ளே இருக்கிறது.
மொழிபெயர்க்காமல் விட்டேன்.

கொப்பி ஒன்று வாங்கி நிரல் கீறினேன்,
அவளின் பேப்பரைப் பார்த்து.
பெயர், தகப்பன் பெயர், தொழில், திகதி.
தொண்ணூறுகளின் தொகுதிகளில்
கீறவே தேவையில்லை.
தாள் தடையில் அவை அச்சானதே
கொப்பித் தாளில்தான்,
ஓரத்துச் சிவப்புக் கோட்டோடு.

அவளின் பட்டியலில் இல்லாத ஒரு நிரல்
என்னுடையதில் இருக்கிறது: யாரால்.
நூற்றுப் பதினாலு பெயருக்கு நேரே
வெறுமை.
ஒன்றுக்கு மட்டும் எழுதினேன்.
பென்சிலால்.

அந்தப் பெயர்க்காரர்
கல்வியங்காட்டுச் சந்தையில் மீன் விற்கிறார்.
தராசில் எப்போதும்
எனக்கு ஒன்று கூடப் போடுவார்.
இன்றைக்கு விளைமீன்.
"சொதிக்குத் திறம், கொண்டுபோங்கோ" என்றார்.

கொண்டுவந்தேன்.
இன்னும் கழுவவில்லை.