பழுப்பு வரைக்கும்

எங்கள் ரொயோட்டாவின் நம்பர் தகட்டில்
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை
ஒரு சின்ன வட்டம் ஒட்டுவார்கள்.
ஆறு நிறம் முறை வைத்துச் சுற்றும்.
எங்களுக்கு வாய்த்தது மூன்று:
நீலம், பழுப்பு, பச்சை, திரும்பவும் நீலம்.
மஞ்சளும் ரோசாவும் செம்மஞ்சளும்
மற்ற வீட்டுக் கார்களுக்கு.

இந்த நீலம் சித்திரையோடு முடிகிறது.

பகீரதன் கணக்கு வைத்திருக்கிறார்,
கொப்பியில், பென்சிலால், இருபத்தோரு வருடமாய்.
எண்ணெய், காப்புறுதி, பிரேக் தட்டு.
கிலோமீற்றருக்குப் பத்தொன்பது சதம்.
"திருத்தக் கேட்கிற காசு
காரின் விலையைத் தாண்டினால்
விட்டிட வேணும். அவ்வளவுதான்."
காரின் விலை எண்ணூறு யூரோ.
கதவுக்குக் கீழே உப்புத் தின்ற இரும்பை
வெட்டி ஒட்ட அறுநூற்றி நாற்பது.
மிச்சம் நூற்றி அறுபது
ஒரு மாதமாய்க் கிடக்கிறது
எங்கள் சாப்பாட்டு மேசையில்.

எண்ணூறு யூரோவுக்கு வேறு யார் என்னை
விடிய நாலு நாற்பதுக்கு
ரெம்ஷைட் மேட்டிலிருந்து வூப்பர்டால் பள்ளத்துக்கு
ஒரு சொல் பேசாமல் கூட்டிப் போவார்கள்?

ஆஸ்பத்திரியில் எனக்குக் கருவி கழுவுகிற பகுதி.
கத்தரிக்கு அங்கே ஒரு சோதனை உண்டு.
துணியை நாலாய் மடித்து
நுனியால் வெட்டிப் பார்ப்போம்.
இழுபட்டால் தீட்ட அனுப்புவோம்.
தீட்டித் தீட்டி அலகு மெலிந்துவிட்டால்
மஞ்சள் வாளி.
நாளுக்கு இரண்டு மூன்று போடுகிறேன்,
கை தயங்கினதில்லை.
காருக்கு அப்படியொரு துணி இல்லை.

அதனால் நானே ஒரு விதி செய்தேன்:
என்னை ஒரு நாள் வேலைக்குப் பிந்த வைத்தால்
அன்றோடு சரி.

மாசியில் வைத்தது.
சாவியைத் திருப்ப
'டிக்' என்றது, பிறகு பேச்சில்லை.
மேல்வீட்டு ஹெர் ஓல்பெர்ட்ஸ்
இரவு உடுப்போடும் பனிச்சப்பாத்தோடும்
கேபிள் கொண்டு இறங்கி வந்தார்.
மேலே காட்டினார், கூரை லைற்றை.
முதல்நாள் பின்னேரம்
தோட்டின் சுரை விழுந்ததென்று தேடினேன்.
நான் போட்ட லைற்று. நான் அணைக்காத லைற்று.
முப்பத்தைந்து நிமிடம் பிந்தினேன்.
அதை யார் பேரில் எழுதுவது?
கொப்பியில் அதற்குக் கோடு இல்லை.

சனிக்கிழமை புதுக் கார் பார்க்கப் போனோம்.
விற்கிற பையன் பக்கத்தில் இருக்க
ஆட்டோபானில் அரை மணித்தியாலம் ஓட்டினேன்.
இரண்டொருமுறை கோட்டைத் தொட்டிருக்கிறேன் போல.
திரையில் ஒரு கோப்பிக் கோப்பை எழும்பி
ஆவி விட்டது:
நீங்கள் களைத்திருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள்.

இருபத்தோரு வருடத்தில் என்னிடம்
ஒருவரும் சொல்லாதது.
பின்சீற்றைக் கண்ணாடியில் பார்த்தேன்.
பகீரதன் விலைப்பட்டியல் படித்துக்கொண்டிருந்தார்.
"அதை நிறுத்தியும் வைக்கலாம்" என்றான் பையன்.

கண் கலங்கினேன் என்று நினைக்கவேண்டாம்.
கோபம்தான் வந்தது.
களைப்பைக் கண்டுபிடித்துவிட்டாய், கெட்டிக்காரன்,
நாளைக்கு என் ஷிப்டுக்கு நீ போவாயா?

சித்திரையில் டாரியுஷின் கராஜ்.
காரின் கார்ப்பெற்றைத் தூக்கினபோது கிடைத்தவற்றை
ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் போட்டுவைத்திருந்தான்:
ஆரபியின் தலைக் கிளிப்பு,
கடை வண்டிலுக்குப் போடுகிற வில்லை ஒன்று,
ஊறி உப்பின கச்சான்.
சுரை இல்லை.

சோதிக்க வந்தவர் அலகால் நீலத்தைச் சுரண்டினார்.
அதன் அடியில் கொஞ்சம் பச்சை ஒட்டியிருந்தது.
துடைத்துவிட்டுப் பழுப்பை அழுத்தினார்.

"ரயர் நாலும் ஐப்பசிக்கு முதல் மாற்ற வேணும்,
முந்நூறு வரும்" என்றான் டாரியுஷ்.
பகீரதன் கொப்பியை விரித்துக் கூட்டினார்.
எண்ணூறைத் தாண்டியது.
திரும்பவும் கூட்டினார்.
பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு,
"ரயர் காருக்குள்ள சேராது" என்றார்.