பதிவு

"உங்கட வளவு பதிவோ?"
"ஓம் ஐயா, நல்ல பதிவு.
மாரியில முழங்கால் மட்டும் தண்ணி."
சாம்பல்தீவிலிருந்து பஸ் ஏறி வந்த யோகநிதி
சிரிக்கவில்லை.
படிவத்தின் நான்காம் கட்டத்தில் என் பேனை நின்றது.

இருபத்தாறு வருடம் இந்தச் சொல்லில் சம்பளம் எடுக்கிறேன்.
அதற்குப் பள்ளம் என்றும் பொருள்.
வீட்டில் தெரியும்,
கதிரையில் இருந்தால் மறந்துபோகும்.

பதி: அழுத்து, ஆழ்த்து, நடு.
மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணுக்குள் வைத்தால் பதியம்.
பற்றைக்குள் மூச்சடக்கிக் கிடந்தால்
அதுவும் பதிவுதான்; பதிவிருந்தவர்களை
திருகோணமலை அறியும்.
வீட்டுக்கு எத்தனை தலை என்று
பொலிஸில் கொடுத்த தாளும் பதிவு.
யோகநிதியின் தமையன்
அந்தத் தாளில் மட்டும் இன்னும் வீட்டில் இருக்கிறான்.

"உறுதி?"
"தண்ணியோட போயிட்டுது."
எந்தத் தண்ணி என்று நான் கேட்கவில்லை.
பொலித்தீன் பையிலிருந்து
கிராம சேவகரின் கடிதத்தை எடுத்தாள்,
மடிப்பில் கிழிந்து இரண்டாக வந்தது.

வாசலில் போன கிழமை போட்ட சீமெந்து.
காயுமுன், கோட்டைப் பக்கமிருந்து இறங்கிய மான் ஒன்று
இரவில் நடந்திருக்கிறது.
விண்ணப்பமில்லை, முத்திரையில்லை.
நான்கு குளம்பு, தயங்கி நின்ற இடம்,
பிறகு கடற்கரைப் பக்கம்.
திரும்பப் பூச வந்த மேசனை மறித்தது நான்தான்.
யோகநிதி அதை மிதிக்காமல் சுற்றிப் போனாள்.

நான்காம் கட்டத்தில் எழுதினேன்: பதிவு.
எந்தப் பதிவு என்று சொல்ல
அங்கே இடமில்லை.