குதிர் எண் மூன்று

ரோஸ்டவுனுக்கு மேற்கே, நெடுஞ்சாலையை விட்டுப்
பதினொரு கிலோமீட்டர் சரளைப் பாதை.
இரும்புக் குதிருக்குள் நூற்றுமுப்பது டன் மைசூர்ப் பருப்பு.
உச்சியிலிருந்து தொங்கும் வடத்தில் ஆறு வெப்பமானிகள்.
வெளியே கம்பத்தில்
சிம் கார்டு செருகிய ஒரு பெட்டி,
என் சாப்பாட்டு டப்பாவைவிடச் சின்னது.
போன வருஷ ஜனவரியில் நான்தான் மாட்டினேன்.
கையுறையைக் கழற்றித் திருகாணி பிடித்த விரல்
நுனியில் இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் கிடக்கிறது.

பெட்டி பெரும்பாலும் தூங்கும்.
மணிக்கொரு தரம் விழித்துக்
கோபுரத்தைத் தேடும். கிடைத்ததும்
முதல் காரியமாகத் தன் உயிலை ஒப்படைக்கும்:
நான் சொல்லாமல் போய்விட்டால்
எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடு.
பிறகுதான் பேச்சு.
ஒழுங்காக விடைபெற்றால் உயில் கிழிக்கப்படும்;
அடுத்த மணிக்குப் புதிதாக ஒன்று.

'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று
சமாளிக்கத் தெரியாத பிள்ளை அது.
உள்ளே இருப்பதை இருக்கிறபடி:
வொலோஷின் / குதிர் 3 / வெப்பம் / 4.5

யாருக்கு என்று கேட்காது.
நடுவில் ஒரு தரகர்.
கமிஷன் கிடையாது, பொருத்தம் பார்ப்பதில்லை,
'இந்தத் தலைப்பில் எது வந்தாலும் எனக்கு' என்று
பெயர் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது மட்டும்.
சொன்னவரைக் கேட்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.
பருப்புக்குத் தெரியுமா
எந்த ஊர்ச் சட்டியில் வேகப்போகிறோமென்று.

மார்ச் பதினெட்டு. சாஸ்கடூனில் என் மேசை.
பதிவேட்டைத் துழாவுகிறேன்.
குதிர் மூன்றுக்கு மூன்று சந்தாதாரர்கள்.
ஒன்று டார்சி வொலோஷினின் ஃபோன்.
ஒன்று விசிறி மோட்டார், பதினைந்தைத் தாண்டினால் தானே சுழலும்.
மூன்றாவது, லொரெட்டா.
அக்டோபர் பத்தொன்பதுக்குப் பிறகு இணைப்பில் வரவே இல்லை.

அவள் கேட்டுவைத்திருந்த தரம்
'குறைந்தது ஒருமுறையாவது'.
கிடைத்தது என்று அவள் பக்கத்திலிருந்து பதில் வரும்வரை
தரகர் கைவிடக் கூடாது.
மணிக்கொன்றாக
மூவாயிரத்து அறுநூறு செய்திகள்
வாசலில் நிற்கின்றன.

டார்சியை அழைத்தேன். டிராக்டர் சத்தம் நின்றது.
"பயன்படாத கணக்கு ஒன்று இருக்கிறது, நீக்கிவிடவா?"
பெயரைச் சொன்னேன்.
எதுவும் வரவில்லை.
தொடர்பு அறுந்துவிட்டதா என்று திரையைப் பார்த்தேன்.
விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"எவ்வளவு இடம் பிடிக்குது?"
கணக்குப் போட்டேன். ஒரு புகைப்படத்தைவிடக் குறைவு.
"ராத்திரியில சூட்டைப் பார்க்கிறது அவள்தான்.
நான் தூங்கிடுவேன்."
பிறகு, நான் கேட்காமலே:
"ஃபோன் சமையலறை இழுப்பறையில இருக்கு. சார்ஜ் போடலை."

போட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை:
திரை வெளிச்சமான நிமிடத்தில்
அக்டோபரிலிருந்து ஒவ்வொன்றாக,
வரிசை கலையாமல்,
ஒரு முழுக் குளிர்காலமும் வந்து சேரும்.
டிங். டிங். டிங்.
அந்தச் சமையலறை எப்படித் தாங்கும்.

எங்கள் வரிசைக்கு உச்சவரம்பு நாலாயிரம்.
அதைத் தாண்டினால் பழையது உதிரும்,
அறுவடை முடிந்த வாரத்துச் செய்திகள் முதலில்.
இன்னும் பதினாறு நாள்.

அன்று மாலை அதை நாற்பதாயிரம் ஆக்கினேன்.
'மாற்றத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால்
மென்பொருள் ஏற்காது.
'குதிர் மூன்றில் ஈரப்பதம்' என்று
பொய் எழுதினேன்.